மூளையில் ஒரு வெள்ளைப் புள்ளி

1980களின் தொடக்கத்தில் இந்தியாவின் பெரிய மருத்துவமனைகள் சிலவற்றுக்கு சி.டி. ஸ்கேன் கருவி வந்து சேர்ந்தது. அதுவரை வலிப்பு நோயாளியின் தலையை எக்ஸ்ரே எடுத்தால் மண்டையோடு தெரியும், உள்ளே இருக்கும் மூளை தெரியாது. இப்போது மூளையையே அடுக்கடுக்காகப் பார்க்க முடிந்தது. பார்க்கத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, நாட்டின் பல ஊர்களில் ஒரே காட்சி திரும்பத் திரும்பத் தென்பட்டது. நேற்றுவரை நன்றாக இருந்து, திடீரென்று வலிப்பு வந்ததால் தூக்கிக்கொண்டு வரப்பட்ட பள்ளிப் பிள்ளைகள், இளைஞர்கள், கல்யாணமாகாத பெண்கள். காய்ச்சல் இல்லை, தலையில் அடிபட்டதில்லை, குடும்பத்தில் யாருக்கும் வலிப்பு கிடையாது. கான்ட்ராஸ்ட் ஊசி போட்டுப் படம் எடுத்தால், மூளையின் மேற்பரப்பை ஒட்டி ஒரே ஒரு சின்ன வெள்ளை வட்டம் அல்லது வளையம். சுண்டல் கடலை அளவுதான் இருக்கும். அதைச் சுற்றிக் கறுப்பாகப் படர்ந்த வீக்கம்.

அது என்ன என்ற கேள்விக்கு அந்த நாட்களில் பெரும்பாலான மருத்துவர்கள் சொன்ன பதில், காசநோய்க் கட்டி. அவர்கள் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. டி.பி. இந்த நாட்டில் எங்கும் உண்டு. அது மூளைக்கும் போகும், அங்கே கட்டியாகத் திரளும். அறுவை மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக அத்தகைய கட்டிகளை எடுத்தும் இருக்கிறார்கள். ஆகவே வலிப்பு மாத்திரையோடு மூன்று நான்கு டி.பி. மருந்துகளும் சீட்டில் ஏறின. ஒரு வருடம், ஒன்றரை வருடம் என்று தினமும் விழுங்க வேண்டும். அவை எதுவும் லேசான மருந்துகள் இல்லை. ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றும் கல்லீரலைத் தாக்கக்கூடியவை. எதாம்பியூட்டால் பார்வை நரம்பைக் கெடுக்கலாம். போதாததற்கு, ரிஃபாம்பிசின் சில வலிப்பு மாத்திரைகளைக் கல்லீரல் வேகமாகச் சிதைக்கும்படி செய்துவிடும். எந்த வலிப்பை நிறுத்த வந்தார்களோ அது திரும்பி வரும். ஐசோனியசிட்டோ ரத்தத்தில் ஃபெனிடாயின் அளவை ஏற்றி, நோயாளியைத் தள்ளாட வைக்கும். டி.பி. என்ற பெயரைச் சுமந்துகொண்டு வீட்டுக்குத் திரும்புகிறவரை உறவும் ஊரும் எப்படிப் பார்த்திருக்கும் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சில மாதங்கள் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தால் புள்ளி சுருங்கியிருக்கும், அல்லது இருந்த இடமே தெரியாது. மருந்து கேட்டுவிட்டது என்று நோயாளியும் மருத்துவரும் நிம்மதி அடைந்தார்கள். டி.பி. மருந்துக்குக் கரைந்ததால் அது டி.பி.யாகத்தான் இருக்க வேண்டும் என்று நோயும் உறுதியானது. ஒன்றை ஒன்று தாங்கிப் பிடித்த இந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்பது, டி.பி. மருந்து சாப்பிடாதவர்களைக் கவனித்தபோதுதான் தெரிந்தது. ஏதோ காரணத்தால் வெறும் வலிப்பு மாத்திரையோடு இருந்துவிட்டவர்கள் அவர்கள். அவர்களுக்கும் புள்ளி மறைந்திருந்தது. அதே வேகத்தில், அதே மாதிரி.

வலிப்பு வந்தவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கம் நம் ஊர்ப் பேருந்து நிலையங்களில் இன்றும் இருக்கிறது. சாவி கொடுத்ததும் நின்றுவிட்டது என்று பார்த்தவர்கள் சத்தியம் செய்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும். ஓடிப்போய்ச் சாவி கொண்டுவர ஆகும் நேரமும் அவ்வளவுதான். சாவி கொடுக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் காத்திருந்து பார்ப்பதில்லை. படித்த மருத்துவர்கள் டி.பி. மருந்து விஷயத்தில் விழுந்ததும் இதே பள்ளத்தில்தான். எதுவும் செய்யாவிட்டால் என்ன ஆகும்? மருத்துவ ஆராய்ச்சியில் இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று எனக்குத் தெரியவில்லை. துடித்துக்கொண்டிருக்கும் மகனின் பக்கத்தில் நிற்கும் தாயாலோ, அவள் முகத்தைப் பார்த்து மருந்து எழுதும் மருத்துவராலோ அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. அதனால்தான் அதைக் கேட்பதற்கென்றே தனியாக ஒரு முறையை உண்டாக்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் இந்தப் புள்ளியைப் பற்றி அந்தக் கேள்வியை விடாமல் கேட்டவர்களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பு அறுவை மருத்துவர்கள் முன்வரிசையில் நிற்கிறார்கள். நாட்டின் முதல் நரம்பு அறுவைத் துறை அங்கேதான் 1949-இல் தொடங்கியது. தொடங்கியவர் ஜேக்கப் சாண்டி. கனடாவின் மான்ட்ரியல் நகரில், வலிப்பு நோய்க்கான மூளை அறுவையில் உலகுக்கே வழிகாட்டிய வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்றுவிட்டு வந்தவர். அந்தத் துறையில் 1980களில் பணியாற்றிய மேத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் ஒரு கடினமான முடிவெடுத்தார்கள். புள்ளி எதனால் ஆனது என்று ஊகித்துக்கொண்டிருப்பதைவிட, அதையே கொஞ்சம் எடுத்துப் பார்த்துவிடுவது.

சொல்வது எளிது. தலையில் ஒரு சட்டத்தைப் பொருத்தி, ஸ்கேன் படத்தில் இடத்தைத் துல்லியமாகக் கணக்கிட்டு, மில்லிமீட்டர் பிசகாமல் மூளைக்குள் போக வேண்டும். எடுத்த திசுவை நுண்ணோக்கியில் வைத்தபோது டி.பி.க்கு உரிய அடையாளங்கள் கிடைக்கவில்லை. பலருடைய திசுவில் சிதைந்துகொண்டிருக்கும் ஒரு புழுவின் பாகங்கள் தெரிந்தன. பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம் அது. 1989-இல் ‘லான்செட்’ இதழில் இந்தக் கண்டுபிடிப்பு வெளியானது. இந்திய வலிப்பு நோயாளிகளின் மூளையில் தெரியும் ஒற்றைச் சிறு புள்ளிக்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் புழுதான் என்று அவர்கள் எழுதினார்கள்.

இதோடு நின்றிருந்தால் அது பாதி வேலைதான். வலிப்பு வந்த ஒவ்வொருவரின் மூளையிலும் ஊசி விட்டுப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ரத்தப் பரிசோதனையும் கைகொடுக்கவில்லை. இந்தப் புழுவுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைக் கண்டுபிடிக்க அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் அதே 1989-இல் நல்ல சோதனை ஒன்று உருவானது. மூளையில் பல நீர்ப்பைகள் உள்ளவர்களிடம் அது பெரும்பாலும் தவறாது; ஒரே ஒரு புள்ளி மட்டும் உள்ளவர்களிடம் அடிக்கடி தவறிவிடும். நம்மவர்களுக்கு இருப்பதோ அந்த ஒற்றைப் புள்ளி. ஆகவே நோயாளியைத் தொட்டுப் பார்த்தும் படத்தை அளந்தும் முடிவு செய்யக்கூடிய விதிகளை வேலூர் குழு வகுத்தது. வலிப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் கை கால் பலவீனம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகக் கூடாது. மூளைக்குள் அழுத்தம் ஏறியதற்கான தலைவலி, வாந்தி, கண் நரம்பு வீக்கம் இருக்கக் கூடாது. உடலில் வேறு எங்கும் டி.பி.யோ புற்றுநோயோ இருக்கக் கூடாது. படத்தில் ஒரே ஒரு புள்ளி, 20 மில்லிமீட்டருக்கு மேற்படாமல். சுற்றியுள்ள வீக்கம் மூளையின் நடுக்கோட்டைத் தள்ளாமல். இவ்வளவும் பொருந்தினால் அறுக்க வேண்டாம், டி.பி. மருந்து வேண்டாம். வலிப்பு மாத்திரை மட்டும் கொடுத்து, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுங்கள் என்றார்கள்.

அப்படிச் சொல்லிவிட்டு, விதிகளைப் புதிதாக வந்த நோயாளிகளிடம் பொருத்திப் பார்த்து, அவை மிக அரிதாகத்தான் தவறுகின்றன என்று 1997-இல் காட்டினார்கள். உண்மையான டி.பி. கட்டி இந்த விதிகளில் சிக்கிக்கொள்கிறது. அது பெரும்பாலும் பெரிதாக, ஒழுங்கற்ற ஓரத்தோடு, நடுக்கோட்டைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அத்தகைய கட்டி உள்ளவர்களுக்கு டி.பி. மருந்து கட்டாயம் வேண்டும். இந்த விதிகளுக்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை; ஸ்கேன் வசதி உள்ள எந்த ஊரிலும் ஒரு மருத்துவர் பயன்படுத்தலாம். பகட்டில்லாத இந்த வேலை எத்தனை பேரைத் தேவையில்லாத அறுவையிலிருந்தும் வருடக்கணக்கான டி.பி. மருந்திலிருந்தும் காப்பாற்றியிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு நன்றிதான் பொங்குகிறது.

புழு மூளைக்கு எப்படி வருகிறது என்பதில்தான் மக்களிடம் பெரிய குழப்பம் இருக்கிறது. முட்டைக்கோஸுக்குள் இருக்கும் பச்சைப் புழு மூளைக்கு ஏறிவிடும் என்று நம்பி அந்தக் காயையே வாங்காத வீடுகள் உண்டு. இன்னொரு பக்கம், ‘நாங்கள் பன்றிக் கறி தொடுவதே இல்லை, எங்களுக்கு எப்படி வரும்’ என்று கேட்கிறவர்கள். இரண்டுமே சரியில்லை. இந்த நாடாப்புழுவுக்கு இரண்டு உடல்கள் வேண்டும். நன்றாக வேகாத பன்றிக் கறியில் இளம்புழுவின் நீர்ப்பை இருந்தால், அதைத் தின்றவரின் குடலில் அது முழு நாடாப்புழுவாக, சில மீட்டர் நீளத்துக்கு வளரும். அவருக்குப் பெரிதாகத் தொந்தரவு இருக்காது, குடலில் இருக்கும் புழுவால் நேரடியாக வலிப்பும் வராது. ஆனால் அவர் மலத்தோடு புழுவின் கண்ணிகள் வெளியேறும். ஒவ்வொரு கண்ணியிலும் பல்லாயிரம் முட்டைகள். வெளியில் கிடக்கும் மலத்தைப் பன்றி தின்னும்போது அதன் தசையில் நீர்ப்பைகள் உண்டாகின்றன. சுற்று அங்கே முடிகிறது. அந்த முட்டைகள் பன்றிக்குப் பதிலாக ஒரு மனிதரின் வயிற்றுக்குப் போனால்தான் விபரீதம். கழுவாத கை, நகம், மலம் கலந்த தண்ணீர், அந்தத் தண்ணீர் பாய்ந்த தோட்டத்தில் விளைந்து பச்சையாகத் தின்னும் காய் கீரை, இவற்றின் வழியாக முட்டை உள்ளே போகிறது; குடலில் பொரிந்து, ரத்தத்தில் ஏறி, தசைக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் போய் உட்கார்கிறது. முட்டைக்கோஸ் மேல் ஆபத்து உண்டென்றால் அது கண்ணுக்குத் தெரியாத இந்த முட்டையால்தான். அதன் இலையைத் தின்னும் பச்சைப் புழுவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பன்றிக் கறி தொடாதவர்களுக்கும் இது வரும் என்பதற்கு நியூயார்க்கிலிருந்து ஒரு சான்று உண்டு. பன்றிக் கறியை மதக் கட்டளையாகவே விலக்கிவைத்திருக்கும் பழமைவாத யூதர்கள் நால்வருக்கு வலிப்பு வந்து, மூளையில் இந்தப் புழு இருப்பது தெரிந்தது. ஆராய்ந்தவர்கள் 1992-இல் வெளியிட்ட முடிவு: நோய் பரவலாக உள்ள நாடுகளிலிருந்து வந்து அந்த வீடுகளில் வேலை பார்த்தவர்களின் வழியாக முட்டை போயிருக்க வேண்டும். அவர்களில் ஒருவருடைய குடலில் நாடாப்புழு இருந்தது. அவரும் நோயாளிதான், தன் வயிற்றில் இருப்பது அவருக்கே தெரியாது. ஒரு வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் வந்தால் பக்கத்தில் யாருக்காவது நாடாப்புழு இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது, குற்றவாளியைத் தேடும் வேலையாக இருக்கக் கூடாது. ஒரே வேளை மருந்தில் அவரும் பிழைப்பார், சுற்றியிருப்பவர்களும் பிழைப்பார்கள்.

இந்த விஷயம் நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. 1930களிலேயே மெக்ஆர்தர் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர், இந்தியாவில் பணிசெய்துவிட்டுத் திரும்பிய சிப்பாய்களுக்கு வலிப்பு வருவதைக் கவனித்து, தோலுக்கடியில் இருந்த சிறு முடிச்சுகளை எடுத்துப் பார்த்து, காரணம் இந்தப் புழுதான் என்று சொன்னார். காரணம் தெரியாத வலிப்பு என்றும், மனநோய் என்றும் முத்திரை குத்தி ராணுவத்திலிருந்து அனுப்பப்பட்டவர்கள் அவர்களில் இருந்தார்கள். டிக்ஸனும் லிப்ஸ்கோம்பும் 1961-இல் வெளியிட்ட அறிக்கை அத்தகைய 450 பேரைப் பற்றியது. சிப்பாய்களுக்கு வந்தது, அதே மண்ணில் அதே தண்ணீரைக் குடித்து வாழ்ந்த மக்களுக்கும் வந்திருக்கும். அவர்களை யாரும் அப்படித் தொடர்ந்து கவனிக்கவில்லை.

அந்த அறிக்கையில் இன்னொரு விஷயமும் இருந்தது. புழு உள்ளே போனதற்கும் முதல் வலிப்புக்கும் இடையே பல ஆண்டுகள் ஓடியிருந்தன. ஏன் இந்த இடைவெளி? உயிருள்ள நீர்ப்பை, நம் நோய் எதிர்ப்பு ஆற்றலை அடக்கிவைக்கும் பொருட்களைச் சுரந்துகொண்டு, சுற்றிலும் வீக்கமே இல்லாமல் மூளையில் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடக்கும். லக்னோவைச் சுற்றிப் பன்றி வளர்க்கும் மக்களிடம் நடத்திய ஆய்வில், ஒருநாளும் வலிப்பே வராதவர்களின் மூளையிலும் இந்தப் புழுவின் தடயங்கள் கிடைத்தன. புழு நலியத் தொடங்கும்போது அந்தக் கட்டுப்பாடு தளர்கிறது. உடல் அதை அடையாளம் கண்டு தாக்குகிறது, வீக்கம் வருகிறது, அருகிலுள்ள நரம்பணுக்கள் கட்டுமீறிச் சேர்ந்து மின்துடிப்புகளை வீசுகின்றன. அதுதான் வலிப்பு. கையை இயக்கும் பகுதிக்கு அருகே என்றால் கை மட்டும் வெட்டி இழுக்கும். மூளை முழுவதும் பரவினால் நினைவு தப்பி உடலே துடிக்கும். நரம்பணுக்களைத் தூண்டும் குளுட்டமேட் என்ற பொருள் புழுவின் உடலிலேயே ஏராளமாக இருப்பதை அண்மையில் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

நமது நோயாளிகளின் படத்தில் தெரியும் வெள்ளைப் புள்ளி, ஆக, சாகும் தறுவாயில் இருக்கும் புழு. அது எப்படியும் செத்துக் கரையப் போகிறது. டி.பி. மருந்து சாப்பிட்டவருக்கும் சாப்பிடாதவருக்கும் அது மறைந்ததன் மர்மம் இவ்வளவுதான்.

அப்படியானால் சாகிற புழுவைக் கொல்ல இன்னொரு மருந்து வேண்டுமா? 1990களின் பெரிய சர்ச்சை இது. பள்ளிகளில் குடற்புழு நீக்கத்துக்காக ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்களே, அதே அல்பெண்டசோல்தான் விவாதத்தின் மையம். இப்போது மருத்துவர்கள் உஷாராக இருந்தார்கள். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். டெல்லி எய்ம்ஸில் 1994-இல் வெளியான சோதனையில் ஒற்றைப் புள்ளிக்காரர்களிடம் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. சண்டிகரில் குழந்தைகளிடம் செய்த சோதனையில் மருந்து பெற்றவர்களுக்குப் புள்ளி சீக்கிரம் மறைந்தது. பெருவின் தலைநகர் லிமாவில், மூளையில் உயிருள்ள நீர்ப்பைகள் உள்ள 120 பேரிடம் நடத்தி 2004-இல் வெளியிட்ட சோதனையில், உடல் முழுதும் துடிக்கும் வகை வலிப்புகள் மருந்து பெற்றவர்களிடம் 67 சதவீதம் குறைந்திருந்தன. பல சோதனைகளையும் ஒன்றாகக் கூட்டி அலசியபோது, ஒற்றைப் புள்ளிக்காரர்களுக்கும் அல்பெண்டசோலால் ஓரளவு நன்மை இருப்பதாகத் தெரிகிறது. ஒன்றிரண்டு வாரம், வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுப்பது இன்றைய நடைமுறை.

இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக் கடையில் அல்பெண்டசோல் வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. பள்ளியில் கொடுப்பது ஒரே ஒரு மாத்திரை. மூளைப் புழுவுக்குத் தரும் அளவு வேறு, நாட்கள் வேறு. மூளை முழுக்க நீர்ப்பைகள் இருக்கும் ஒருவருக்கு எல்லாம் ஒரே நேரத்தில் செத்தால் வீக்கம் தாங்காமல் உயிருக்கே ஆபத்து. கண்ணுக்குள் புழு இருந்தால் பார்வை போகலாம். முதலில் படம், கண் பரிசோதனை, பிறகுதான் மருந்து.

குடும்பங்கள் உண்மையில் கேட்கும் கேள்வி வேறு. வலிப்பு மாத்திரையை எத்தனை வருடம் சாப்பிட வேண்டும்? வாழ்நாள் முழுக்கவா? வலிப்பு நோயில் பொதுவாகவே மாத்திரை நன்றாக வேலை செய்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 525 பேரைத் தொடர்ந்து கவனித்து 2000-இல் குவானும் பிராடியும் வெளியிட்ட ஆய்வில், அதற்கு முன் மாத்திரையே எடுக்காதவர்களில் 47 சதவீதம் பேருக்கு முதல் மாத்திரையிலேயே வலிப்பு நின்றது. மொத்தத்தில் 63 சதவீதம் பேர் வலிப்பில்லாமல் இருந்தார்கள். ஒற்றைப் புள்ளிக்காரர்களின் நிலை இன்னும் நல்லது. வேலூரில் புள்ளி ஆறிய பிறகு மாத்திரையை மெல்லக் குறைத்து நிறுத்தி, தொடர்ந்து கவனித்ததில், ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்குத்தான் வலிப்பு திரும்பியது. யாருக்குத் திரும்புகிறது என்பதையும் பார்த்தார்கள். முன்பே இரண்டு தடவைக்கு மேல் வலிப்பு வந்தவர்களுக்கு, மாத்திரை சாப்பிடும்போதே வந்தவர்களுக்கு, புள்ளி மறையாமல் சுண்ணாம்புத் தழும்பாக இறுகிவிட்டவர்களுக்கு. ஆகவே மாத்திரையை நிறுத்தும் நாளைத் தீர்மானிப்பது மறு ஸ்கேன். வலிப்பு வரவில்லையே என்று வீட்டில் தாமாக நிறுத்திவிடுவதும், பயத்தில் பத்து வருடம் விழுங்கிக்கொண்டே இருப்பதும் இரண்டும் வேண்டாதவை.

அந்தத் தழும்பு ஏன் சிலருக்கு மட்டும் மிஞ்சுகிறது என்பதில் இன்னும் ஆராய்ச்சி நடக்கிறது. செத்த புழுவின் மேல் சுண்ணாம்பு படிந்துவிட்டால் கதை முடிந்தது என்றுதான் முன்பு நினைத்திருந்தார்கள். அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த தியோடர் நாஷும் பெரு நாட்டு ஆய்வாளர்களும், பல ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தத் தழும்பைச் சுற்றித் திடீரென்று வீக்கம் வந்து போவதையும், வலிப்பு அந்த நேரத்தில் வருவதையும் காட்டினார்கள். அந்த வீக்கத்தை எப்படி முன்கூட்டியே தடுப்பது என்பது இன்றைய வேலை.

நோயை இவ்வளவு தெரிந்துகொண்ட பிறகும், வலிப்பு வந்த பெண்ணின் வீட்டில் மாத்திரைச் சீட்டை ஒளித்துவைக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் வரும் வாரத்தில் மாத்திரையை நிறுத்துகிறார்கள்; கல்யாணத்தின் தூக்கமில்லாத இரவுகள் அதோடு சேர, வலிப்பு வந்தே தீருகிறது. இந்துத் திருமணச் சட்டத்திலேயே வலிப்பு நோய் ஒரு தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999-இல் நாடாளுமன்றம் அதை நீக்கியது. சட்டம் மாறி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் வீடுகள் மாறவில்லை. வலிப்பு வந்தவரை ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள் என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தரலாம்.

வேலூர் குழு மருத்துவமனையோடு நிற்கவில்லை. வேலூர் மாவட்டத்தின் கிராமங்களிலும் நகரத்திலுமாக 50,000-க்கும் மேற்பட்டவர்களை வீடுவீடாகச் சென்று கணக்கெடுத்து 2006-இல் வெளியிட்டார்கள். ஆயிரத்துக்கு ஏறத்தாழ நான்கு பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. அவர்களில் மூன்றில் ஒருவருக்குக் காரணம் இந்தப் புழு. உலக நலவாழ்வு நிறுவனமும் இந்தப் புழு பரவியுள்ள நாடுகளில் வலிப்பு நோயின் 30 சதவீதம்வரை இதனால் வருவதாகச் சொல்கிறது. உலகில் வலிப்பு நோய் உள்ள ஏறத்தாழ 5 கோடிப் பேரில் பெரும்பாலோர் ஏழை, நடுத்தர நாடுகளில் வாழ்கிறார்கள். பரம்பரையாலும் பிறப்பின்போது ஏற்படும் மூச்சுத்திணறலாலும் சாலை விபத்தாலும் வரும் வலிப்புகளை முழுதாகத் தடுக்க நம்மால் முடியாது. இந்த மூன்றில் ஒரு பங்கைத் தடுக்க முடியும்.

முடியும் என்பதைப் பெரு செய்து காட்டியிருக்கிறது. அந்நாட்டின் வடகோடியில் தும்பெஸ் பகுதியில், மனிதர்களின் குடலில் உள்ள நாடாப்புழுவுக்கு மருந்து, பன்றிகளுக்கு மருந்து, பன்றிகளுக்குத் தடுப்பூசி எல்லாவற்றையும் சேர்த்து 107 கிராமங்களில் கொடுத்தார்கள். 2016-இல் வெளியான முடிவின்படி 105 கிராமங்களில் நோய்ப் பரவல் நின்றுபோனது. பன்றித் தடுப்பூசியை ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் மார்ஷல் லைட்டவ்லர்ஸ் உருவாக்கினார். அதைத் தொழிற்சாலையில் தயாரிப்பது வேறு யாருமில்லை, ஹைதராபாத்தில் உள்ள இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனம்.

தடுப்பூசி இருந்தும் பன்றி வளர்ப்பவர் தானாக வாங்கிப் போடமாட்டார், அவரைக் குறைசொல்லவும் முடியாது. நீர்ப்பை உள்ள பன்றி பெரும்பாலும் நோயுற்று மெலிவதில்லை. அவருக்கு இதனால் கண்ணுக்குத் தெரிந்த நட்டம் குறைவு. நட்டம் ஏதோ ஒரு வீட்டில், பல ஆண்டுகள் கழித்து, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு வந்து சேர்கிறது. மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசியை அரசே இலவசமாகப் போடுகிறது. அதே கால்நடை மருத்துவர்கள், அதே குளிர்பெட்டியோடு, பன்றிப் பட்டிகளுக்கும் போகலாம். வேலூர்க் கணக்கெடுப்பு போன்ற ஒன்றை மற்ற மாவட்டங்களிலும் எடுத்து, புழு மிகுதியாக உள்ள ஊர்களைக் கண்டுபிடித்து, அங்கே முதலில் தொடங்கலாம். மலம் வெளியில் கிடக்காதபடி கழிப்பறையும், அதற்குத் தண்ணீரும் அந்த ஊர்களுக்கு முதலில் போக வேண்டும். இந்தச் செலவைக் கால்நடைத் துறையின் தலையில் மட்டும் கட்டாமல், வலிப்பு நோயாளிகளுக்கு மாத்திரை வாங்கித்தரும் நலவாழ்வுத் துறையும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.